மறு: கால் அறுவைக்குப் பின் எலும்பு நகர்வை அளக்கும் எக்ஸ்ரே முறை – பெயர் என்ன வைக்கலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘கதிர்ப்பட எலும்பு உறுதிச் சோதனை’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் புரியும்.

தேவகோட்டை அண்ணன் சொன்ன பெயர் புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். காரைக்குடியில் யாரிடமாவது ‘எலும்பு உறுதி டெஸ்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். கால்சியம் குறைந்துவிட்டதா, எலும்பு தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். அது எலும்பின் அடர்த்தியை அளப்பது. நாம் பெயர் தேடுவது, பெருவிரல் கோணலை நிமிர்த்தவோ குதிகாலைச் சீராக்கவோ எலும்பை வெட்டி ஆணி வைத்த பிறகு, வெட்டிய துண்டுகள் வைத்த இடத்திலேயே நிற்கின்றனவா என்று பார்க்கும் முறைக்கு. நல்ல அடர்த்தியுள்ள எலும்பும் வெட்டிய இடத்தில் நகரலாம்.

சாதாரண எக்ஸ்ரேயில் இதைத் துல்லியமாக அளக்க முடியாது. பாதத்தைச் சற்றுத் திருப்பி வைத்தாலே படத்தில் கோணம் மாறித் தெரியும். நகர்ந்தது எலும்பா, வைத்த விதமா என்ற குழப்பம் தீராது. இதற்கு ஸ்வீடனின் லுண்டில் யோரான் செல்விக் 1974-இல் ஒரு வழி சொன்னார். அறுவையின்போதே ஒவ்வொரு துண்டிலும் டாண்டலம் என்ற உலோகத்தாலான மணிகள் குறைந்தது மூன்றை, ஒரே கோட்டில் அமையாதபடி, பதித்துவிடுகிறார்கள். மணி ஒன்றின் விட்டம் 0.8 அல்லது 1 மி.மீ. இருக்கும். பிறகு இரண்டு எக்ஸ்ரே குழாய்களை இரு கோணங்களில் வைத்து ஒரே நேரத்தில் படம் எடுக்கிறார்கள். இடமறிந்த குறிகள் கொண்ட கூண்டு ஒன்றும் படத்தில் விழும். அதை வைத்துக் கணக்கிட்டால், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். (நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகத்துக்காரர்கள் ‘டாண்டலம் அரிக்காதா?’ என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அதன் மேல் படியும் ஆக்சைடு படலமே அதற்குக் காப்பு.)

> ‘முப்பரிமாணக் கதிர்ப்பட ஆய்வு’?

சி.டி. ஸ்கேனும் முப்பரிமாணம்தானே. இதன் தனித்தன்மை இரண்டு கதிர்மூலங்கள். ஆகவே ‘இருகதிர்’. ‘ஆய்வு’ என்பதைவிட ‘அளவை’ பொருத்தம். படத்திலிருந்து இடத்தைக் கணக்கிடும் இந்த நுட்பம் வான்படங்களை வைத்து வரைபடம் போட்டவர்களிடமும் இருந்தது. அவர்கள் தொழிலை நாம் நில அளவை என்றுதானே சொல்கிறோம்.

‘எலும்பு’ என்பதா, பழைய சொல்லான ‘என்பு’ என்பதா என்ற யாழ்ப்பாண நண்பரின் வழக்கில் நான் நுழையவில்லை. செயற்கை இடுப்பு மூட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் இதே முறைதான் என்பதால், பெயரில் இரண்டுமே தேவையில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த முறை இரண்டு விதமான நகர்வுகளை அளக்கிறது. ஆறு வாரம், மூன்று மாதம் என்று இடைவெளி விட்டுப் படம் எடுத்து, முதல் படத்தோடு ஒப்பிட்டால் துண்டு எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று தெரியும். அது திரும்பாத நகர்வு. காலை ஊன்றாமல் ஒரு படம், எடையைப் போட்டு ஊன்றி ஒரு படம் எடுத்தால் தெரிவது இன்னொன்று: ஊன்றும்போது விலகி, எடுத்தால் திரும்பிவிடுவது. நம் பழைய வீடுகளின் தேக்குக் கதவைப் பார்க்க வரும் ஆசாரி இரண்டையும் கலக்க மாட்டார். ‘நிலை இறங்கியிருக்கு’ என்பது ஒன்று, ‘மூட்டு ஆடுது’ என்பது வேறு. அதனால் முதலாவதைப் பெயர்வு என்றும், இரண்டாவதைச் சுமையாட்டம் என்றும் சொல்லலாம். முறைக்குப் பெயர் ‘இருகதிர்ப் பெயர்வளவை’.

துண்டு இடம் மாறுவது நின்றுவிட்டால், ‘உறுதியானது’ என்பதற்குப் பதில் ‘பெயர்வு அடங்கியது’ என்று எழுதலாம். இது பெரும்பாலும் ஆய்வுக்கான முறை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா என்று கேட்கும் ஆச்சிக்கு டாக்டர் வெறும் எக்ஸ்ரேயைப் பார்த்து, கையால் அழுத்திப் பார்த்துத்தான் பதில் சொல்வார். ஆனால் அவரும் ‘எலும்பு கூடிடுச்சு’ என்பாரே தவிர, ‘உறுதியாயிடுச்சு’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

அந்தக் கூண்டுக்கு ‘அளவுக்கூண்டு’ போதுமா? எழுதுங்கள்.

---

தம்பிக்கு,

‘உறுதி’யை விட்டுவிடுகிறேன். பெயர்வளவை நன்றாக இருக்கிறது, பெயர்வு அடங்கியது என்பதும் சரி. ஆனால் ‘சுமையாட்டம்’ என்றால் எனக்குக் கரகாட்டம்தான் கண்முன் வருகிறது! ‘சுமையசைவு’ என்று போட்டால் என்ன? கூண்டுக்கு மறுப்பில்லை.