பின் டயரில் காற்று மெல்ல இறங்குகிறது, ஆணியும் இல்லை, பஞ்சர் கடையிலும் பிடிபடவில்லை

உப்பளத்தான்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 150 சிசி வண்டி, அலாய் வீல், பின்னால் 100/90-17 டியூப்லெஸ், டிரம் பிரேக். வீடு தூத்துக்குடி, வேலை ஆறுமுகநேரி பக்கம். ஞாயிறு காலை 28 பிஎஸ்ஐ வைத்தால் வியாழக்கிழமைக்குள் 20க்கு வந்துவிடுகிறது. முன் டயர் அசையவே இல்லை. டயரும் பழசு இல்லை, பக்கவாட்டில் 1423 என்று இருக்கிறது, அதாவது 2023இன் 14ஆவது வாரம் தயாரித்தது.

ஒரு கடையில் சோப்புத் தண்ணி அடித்துப் பார்த்தார்கள், எதுவும் வரவில்லை. இன்னொரு கடையில் வீலைக் கழற்றித் தொட்டியில் முக்கிப் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு இறங்கும், போங்க" என்றார்கள். ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை டயருக்குள் ஊற்றிவிடலாமா என்றும் கேட்டார்கள். ஊற்றலாமா? பின்னால் வீட்டுக்காரியும் பையனும் உட்கார்ந்து வரும் வண்டி. ராத்திரியில் உப்பளத்து ரோட்டில் நின்றுவிட்டால் பக்கத்தில் ஒரு கடை கிடையாது.

கொங்கு ரைடர்:
வெயிலுக்குக் காற்று இறங்காதுங்க, ஏறத்தான் செய்யும். வெயிலில் ஓட்டி வந்த உடனே பார்த்தால் மூணு நாலு பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். எந்த டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவது இயல்பு. நாலு நாளில் எட்டு என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. முதலில் ஒன்று உறுதி செய்துகொள்ளுங்கள்: காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், எப்போதும் ஒரே கேஜில் பாருங்கள். ஒரு பங்க்கில் வைத்து இன்னொரு பங்க்கில் பார்த்தால் அந்த வித்தியாசமே நம்மை ஏமாற்றிவிடும்.

ஈசிஆர் கிழவன்:
தம்பி, வால்வைப் பார்த்தீர்களா? மெதுவாக இறங்கும் கேஸில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். மூடியைக் கழற்றிவிட்டு எச்சில் வைத்துப் பார்ப்பதெல்லாம் பெரிய கசிவுக்குத்தான் சரி. சின்னக் கசிவுக்கு இப்படிச் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, வால்வு சக்கரத்தின் உச்சிக்கு வருகிற மாதிரி சுற்றி நிறுத்துங்கள். அப்போது வால்வின் வாய் கீழே பார்த்து நிற்கும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் தண்ணீர் நிரப்பி, வால்வு வாய் உள்ளே மூழ்குகிற மாதிரி கீழிருந்து கொண்டுபோய்ப் பிடியுங்கள். முதலில் ஒட்டியிருக்கும் காற்று ஒன்றிரண்டு குமிழாக வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்புறமும் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் வால்வு பின், அதாவது வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் ஊசி, போய்விட்டது. பின் மலிவுதான், மாற்றும்போது விரல் பலத்துக்கு முறுக்கினால் போதும். அது சரியாக இருந்தால் வால்வின் அடி ரப்பரை விரலால் இப்படியும் அப்படியும் வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்ப்ளெண்டர் செல்வம்:
ப்ரோ, இவ்வளவு ஏன்? சீலன்ட் ஊற்றுங்க, வேலை முடிஞ்சுது. நான் ஊற்றியதிலிருந்து பஞ்சர் கடைப் பக்கமே போகவில்லை.

நெல்லை மெக்கானிக்:
செல்வம் சொல்வது ஆணி குத்துகிற ஓட்டைக்குச் சரி. சீலன்ட் சுற்றுகிற வேகத்தில் டயரின் ஓடுதளத்துக்கு, அதாவது ரோட்டில் படுகிற பகுதிக்கு, உள்பக்கமாகப் பரவி நிற்கும், அங்கே ஓட்டை விழுந்தால் அடைக்கும். வால்விலோ ரிம் ஓரத்திலோ கசிந்தால் அங்கே அது ஒழுங்காகப் போய்ச் சேராது. அதோடு வால்வு பின்னில் பிசின் மாதிரி ஒட்டி கேஜ் தப்பாகக் காட்டும். அப்புறம் டயரைக் கழற்றுகிறவன் கை முழுக்கப் பச்சைக் கூழ். ஓட்டை எங்கே என்று தெரியாமல் ஊற்றாதீர்கள்.

உப்பளத்தான்:
மூடி வைத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. முதலில் ரெண்டு குமிழ், பிறகு ஒன்றும் இல்லை. அடி ரப்பரும் வழவழவென்று நன்றாகவே இருக்கிறது. ஓடுதளத்தில் கல் சிக்கியிருந்த ஒவ்வொரு இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் நோண்டிப் பார்த்தேன், ஆணி கம்பி எதுவும் இல்லை.

நெல்லை மெக்கானிக்:
அப்படியென்றால் மிச்சம் பீடிங்தான், டயர் ரிம்மோடு உட்காருகிற அந்த ஓரம். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு முதலில் அடிவாங்குவது அதுதான். பெயின்ட் எங்கேயாவது உரிந்தால் உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து அலுமினியம் பொருக்கு விடும், அந்தப் பொருக்கு டயரைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கடையில் ஏன் தெரியவில்லை என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் டயருக்குள் சுமார் பத்து லிட்டர் இடம். நாலு நாளில் எட்டு பிஎஸ்ஐ என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லி காற்றுதான் வெளியேறுகிறது. அது ஒரே இடத்தில் குமிழாக வராமல் ஓரம் நெடுகப் பிரிந்து வரும். தொட்டியில் முக்கி எடுக்கிற நேரத்தில், ரிம் விளிம்பில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் காற்றா, உள்ளேயிருந்து வருவதா என்று பிரிக்க முடியாது. பாதிப் பேர் அதற்குள் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சாயங்காலம் நிழலில் செய்யுங்கள், வெயிலில் சோப்பு காய்ந்துவிடும். காற்றை 35 வரை ஏற்றுங்கள். டயர் பக்கத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதியிருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். பாத்திரம் கழுவும் லிக்விடைக் கெட்டியாகக் கரைத்து, பெயின்ட் பிரஷால் இரண்டு பக்கமும் டயரும் ரிம்மும் சேருகிற கோட்டில் தடவுங்கள். தடவும்போதே நுரை கிளப்பிவிடாதீர்கள். தடவிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அப்போது பெரிய குமிழைத் தேடாதீர்கள், ஷேவிங் கிரீம் மாதிரி பொடி நுரை ஒரு கோடாக எழும்பியிருக்கும். கிடைக்காவிட்டால் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, எடை டயர் மேல் விழுகிற மாதிரி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி மறுபடியும் பாருங்கள். சில கசிவு பாரம் இருந்தால்தான் வாயைத் திறக்கும்.

உப்பளத்தான்:
பிடித்துவிட்டேன்! செயின் பக்கம், ஒரு சாண் நீளத்துக்குப் பொடி நுரை. துடைத்துவிட்டு மறுபடி தடவினாலும் அதே இடத்திலேயே வருகிறது. சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இனி என்ன செய்யச் சொல்லலாம்? ரிம்மே மாற்ற வேண்டி வருமா?

நெல்லை மெக்கானிக்:
பெரும்பாலும் வேண்டாம். மெஷின் வைத்து டயர் கழற்றுகிற கடைக்குப் போங்கள். இரும்பு லீவர் போட்டு நெம்பினால் அலாய் மேல் இன்னொரு கீறல் விழும், அடுத்த கசிவுக்கு அதுவே வழி. கழற்றுவதற்கு முன்னால் டயரில் சுழலும் திசை அம்புக்குறி எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிம்மில் வெள்ளைப் பொடி தெரியும். முதலில் பித்தளை பிரஷ், பிறகு மெல்லிய உப்புத்தாளில் தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் எங்கும் தட்டக் கூடாது. கிரைண்டரைக் கையில் எடுத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள், ஒரு பள்ளம் விழுந்தால் அந்த ரிம் காலி. சுத்தமான பிறகு அந்த இடத்தில் விரிசலோ நெளிவோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், ரிம்மை மாற்றுங்கள். இரண்டு பேர் பின்னால் உட்காருகிற வண்டி என்கிறீர்கள்.

ஈசிஆர் கிழவன்:
டயரைக் கழற்றியிருக்கும்போதே வால்வையும் புதிதாகப் போட்டுவிடுங்கள் தம்பி. இன்னொரு தடவை அதற்காகக் கழற்ற வேண்டாம். வெறும் அலுமினியம் தெரிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு கோட் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிட்டால் உப்பு சீக்கிரம் ஏறாது. அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் டயர் அதைப் பிய்த்துக்கொண்டு வரும்.

உப்பளத்தான்:
வேலை முடிந்தது. சாக்பீஸ் கோட்டுக்கு நேராகவே ரிம் விளிம்பில் பெயின்ட் சுருண்டு, அடியில் சுண்ணாம்பு மாதிரி பொருக்கு. அதன் நடுவில் பழைய லீவர் கீறல் ஒன்று பளிச்சென்று தெரிந்தது, டயர் மாற்றிய அன்றைக்கு விழுந்திருக்க வேண்டும். விரிசல் இல்லை. தேய்த்து, பெயின்ட் அடித்து, மறுநாள்தான் மாட்டினார்கள். காற்று ஏற்றும்போது டப் டப்பென்று ரெண்டு சத்தம் வந்தது, பயந்துவிட்டேன்.

நெல்லை மெக்கானிக்:
அந்தச் சத்தம் வந்தால்தான் பீடிங் ரெண்டு பக்கமும் உட்கார்ந்தது என்று அர்த்தம். டயர் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வட்டக் கோடு இருக்கும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள்.

உப்பளத்தான்:
ஒரே அளவில்தான் தெரிகிறது அண்ணாச்சி. ஞாயிறு 28 வைத்தேன், அடுத்த ஞாயிறும் அதே கேஜில் 28. இனி வாரம் ஒருமுறை நல்ல தண்ணியில் ரிம்மையும் சேர்த்துக் கழுவிவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மலைக்கோட்டை மணி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லை, ஆனால் ஸ்போக் வீல். சோப்பு தடவினால் ஸ்போக் அடியில் எல்லாம் நுரை வருகிறது. அத்தனை இடத்திலும் ஓட்டையா?

நெல்லை மெக்கானிக்:
இல்லை மணி, உங்களுடையது டியூப் டயர். டியூபில் எங்கே ஓட்டை இருந்தாலும் காற்று ரிம்முக்குள் பரவி, கிடைத்த ஸ்போக் துளை வழியாக வெளியே வரும். வெளியில் தேடிப் பயனில்லை, டியூபை எடுத்து முக்கித்தான் பார்க்க வேண்டும். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம் பக்கம் இருந்தால், ரிம் டேப்பைத் தூக்கிப் பாருங்கள். நிப்பிளுக்கு (ஸ்போக்கை ரிம்மில் பிடித்திருக்கும் மரை) வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்போக் முனை ஏதாவது இருக்கும், அதை அரம் வைத்து ராவிவிட்டுப் புது டேப் போட்டால்தான் அடுத்த டியூப் தப்பிக்கும்.