ஃபெஸ் நகரத்தின் இரு கரைகள்: சேலத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: குகைத்தறி (சேலம்)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மொராக்கோ நாட்டின் பழைய தலைநகரங்களுள் ஒன்றான ஃபெஸ் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். நாங்கள் சேலம் குகைப் பகுதியில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்தவர்கள். தேவாங்கர், சௌராஷ்டிரர், செங்குந்தர் எனப் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்த நெசவுச் சமூகங்களும், ஊரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறும் எனக்குப் பழகிய காட்சிகள். அதனால்தானோ என்னவோ, ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த மக்கள் தனித்தனியே குடியேறி, பின்னர் ஒரே நகரமானார்கள் என்ற செய்தி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

என் கேள்விகள் இரண்டு. அந்த இரு ஊர்களும் எப்படி, யாரால் ஒன்றாயின? அடுத்து, ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடந்த பிறகும் அங்கே தோல் பதனிடுவோரும் செம்பு தட்டுவோரும் அதே தெருக்களில் தொழில் செய்கிறார்கள் என்கிறார்களே, அது எப்படி இயன்றது? என் சிறு வயதில் எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு (தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்) நீட்டாத நாளே கிடையாது. இன்று அதே தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தறிச் சத்தம் கேட்கிறது. ஆகவே இந்த இரண்டாம் கேள்விக்கான விடையைத்தான் நான் மிகவும் எதிர்பார்க்கிறேன்.

கரவிய்யின் பள்ளிவாசலை 859ஆம் ஆண்டில் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி கட்டினார் என்று படித்தேன். அது பற்றியும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஏட்டுச்சுவடி

குகைத்தறி அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கும் பள்ளிவாசல் பற்றிய கேள்விக்கும் நான் விடை சொல்கிறேன். இரண்டாவதற்குத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வதே பொருத்தம்.

789ஆம் ஆண்டில் முதலாம் இத்ரீஸ் என்ற மன்னர் ஆற்றின் வலக்கரையில் குடியிருப்பை நிறுவினார். அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ் 809இல் எதிர்க்கரையில் மற்றொன்றை எழுப்பினார். 818இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் ஆட்சியாளருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற புறநகர் மக்கள் நாடு கடத்தப்பட்டபோது, அவர்களுள் பலர் வந்து தங்கிய வலக்கரை அந்தலூசியர் (முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயின் பகுதி மக்கள்) கரை எனப் பெயர் பெற்றது. இன்றைய துனிசியாவில் உள்ள கைரவானிலிருந்து வந்தவர்கள் இடக்கரையில் தங்கினார்கள். கரவிய்யின் என்ற பெயரே கைரவான்காரர்களைக் குறிப்பதுதான். ஒவ்வொரு கரைக்கும் தனி மதில், தனிப் பெரிய பள்ளிவாசல், தனிச் சந்தை இருந்தன.

இரு கரைகளுக்கும் இடையே நல்லுறவு எப்போதும் நிலவவில்லை. 11ஆம் நூற்றாண்டில் ஃபுத்தூஹ், அஜீஸா என்ற இரு சகோதரர்கள் கரைக்கு ஒருவராக ஆண்டு, ஒருவரோடு ஒருவர் போரிட்டதாகப் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்கள் பெயரால் அமைந்த வாயில்களே பாப் ஃப்தூஹ், பாப் கிஸ்ஸா என்று இன்றும் வழங்குகின்றன. ஒற்றுமை உள்ளிருந்து வரவில்லை. தெற்கிலிருந்து படையோடு வந்த முராபித்து மன்னர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் 1069–70இல் நகரைக் கைப்பற்றி, இடையில் நின்ற மதில்களை இடித்து, இரண்டையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தார். மதில் போனாலும் பெயர் போகவில்லை. இன்றும் வலக்கரையான கிழக்குப் பகுதி அந்தலூசியர் பகுதிதான்.

பின்னர் மரீனிய மன்னர்கள் 1276இல் மேற்கே புதிய ஃபெஸ் என்ற அரச நகரைத் தனியே கட்டினார்கள். 1438இல் யூதர்களுக்கென அரண்மனையை ஒட்டி ஒரு குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. மல்லாஹ் என்ற அதன் பெயர் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மொராக்கோவின் மற்ற ஊர்களிலும் யூதர் குடியிருப்புக்கு அந்தப் பெயரே பின்னாளில் நிலைத்தது.

பள்ளிவாசலைப் பொறுத்தவரை, கைரவானிலிருந்து வந்த செல்வர் ஒருவரின் மகளான ஃபாத்திமா தம் பங்குச் சொத்தைக் கொண்டு கரவிய்யினையும், அவருடைய தங்கை மர்யம் எதிர்க்கரையில் அந்தலூசியர் பள்ளிவாசலையும் கட்டினார்கள் என்ற வரலாறு, 14ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. கடந்த நூற்றாண்டில் நடந்த சீரமைப்புப் பணியின்போது வெளிப்பட்ட பழைய மரக் கல்வெட்டு ஒன்றில் (மரத்தில் வெட்டிய எழுத்தை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை) இத்ரீஸ் மரபின் தாவூது என்பவரின் பெயரும் 877ஆம் ஆண்டுக்கு நிகரான ஹிஜ்ரி ஆண்டும் காணப்படுகின்றன. ஆகவே சகோதரிகளின் கதையை ஊரார் போற்றும் மரபு என்ற அளவில் மதித்து ஏற்பதே முறை என்று நான் கருதுகிறேன். இரு கரைகளுக்கும் இரு சகோதரிகள் என்று மக்கள் நினைவில் வைத்துக்கொண்டதே ஒரு வரலாற்றுச் செய்திதான்.

பதில் 2: அச்சும்விழுதும் (அம்மாப்பேட்டை)

சில ஆண்டுகளுக்கு முன் தொழில் நிமித்தமாகக் காசாபிளாங்கா சென்றபோது, மூன்று நாள்கள் ஃபெஸ் நகரில் தங்கும் வாய்ப்பு கிடைத்தது. பழைய நகருக்குள் வண்டி செல்லாது. சந்துகள் அவ்வளவு குறுகல். சரக்கெல்லாம் கழுதை, கோவேறு கழுதை முதுகில்தான் போகிறது. பின்னாலிருந்து 'பாலக்!' என்று குரல் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுவிட வேண்டும்.

குகைத்தறி அண்ணா, நீங்கள் பாவு நீட்டுவது பற்றி எழுதியிருந்ததைப் படித்தவுடன் எனக்கு அங்கே கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. ஒரு சந்தில் சுவரில் ஆணியடித்து, முப்பது நாற்பது அடி தூரத்துக்குப் பட்டு போன்ற நூலை நீளமாக இழுத்து, ஓர் இளைஞர் முறுக்கேற்றிக் கொண்டிருந்தார். அங்கிகளின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பின்னலுக்கான நூல் அது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நூலின் மேல் படாமல் குனிந்து கடந்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. பாவு நீட்டியிருக்கும் நம் தெருவில் பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போவார் அல்லவா, அப்படியே இருந்தது.

தேடிப் போய்ப் பார்த்தது, மணப்பெண்ணுக்கான சரிகை இடுப்புப் பட்டை நெய்யும் தறி. ஜக்கார்டு பெட்டி (பூ வேலைக்கான பாவு இழைகளைத் தானே தூக்கும் கருவி) கிடையாது. பூ வேலைக்கான கயிறுகள் பாவுக்கு மேலே ஏறிப் பக்கவாட்டில் இறங்குகின்றன. உதவியாள் ஒருவர் வரிசைப்படி அந்தக் கயிறுகளை இழுத்துப் பிடிக்க, நெய்பவர் நாடாவை ஓட்டுகிறார். ஜக்கார்டு வருவதற்கு முன் நம் பக்கத்தில் அடை (பூ வேலைக்கான கயிற்றுக் கட்டு) கட்டி நெய்த முறையேதான். முன்பின் பார்த்திராத ஊரில், மொழி தெரியாத மனிதர் முன்னால் நின்றுகொண்டு, அடுத்து எந்தக் கயிறு இழுபடும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. அவரும் அதைக் கண்டுகொண்டு, எழுந்து நின்று தம் இருக்கையைக் காட்டினார். நான் நான்கு இழை ஓட்டினேன். ஐந்தாவதில் அச்சு அடிக்கும் வேகம் பிசகியது; அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருத்தினார்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் விடை இதுதான். ஃபெஸ் மக்கள் தங்கள் ஊர்ப் பொருளைத் தாங்களே வாங்குகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வாங்குவது கண்ணுக்குத் தெரிகிறது; ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அங்கியும், காலில் மஞ்சள் தோல் செருப்பும், திருமணத்துக்குச் சரிகைப் பட்டையும் வேண்டும் என்ற வழக்கம் வீடுகளில் இருப்பதால்தான் பட்டறைகள் ஓடுகின்றன. நம் வெண்பட்டு வேட்டியை இன்றும் நிறுத்தி வைத்திருப்பது முகூர்த்தம்தானே? ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தப் பொருளின் தேவை குறைந்ததோ அந்தத் தொழில் அங்கேயும் மெலிந்துவிட்டது. நான் சொன்ன கயிற்றுத் தறிகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை அவற்றைக் காப்பாற்றிவிடவில்லை.

பதில் 3: கடுக்காய்மரம் (ஏற்காடு அடிவாரம்)

என் தந்தையார் தோல் மண்டியில் கணக்கு எழுதியவர் என்பதால், ஃபெஸ் என்றாலே எனக்கு ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகள்தான் முதலில் நினைவுக்கு வரும். தேன்கூடு போல் அடுத்தடுத்து அமைந்த வட்டத் தொட்டிகளுள் வெள்ளையாகத் தெரிபவற்றில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர் இருக்கும். சுண்ணாம்பு முடியைக் கழற்றும்; புறா எச்சம் தோலை மிருதுவாக்கும். அதன் பிறகுதான் தாவரப் பட்டைச் சாறும் சாயமும். ஆள்கள் தொடையளவு நீரில் இறங்கிக் காலால் மிதித்தே வேலை செய்கிறார்கள். மேலே மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாற்றம் தாங்காது என்று புதினாக் கொத்து ஒன்றைக் கையில் கொடுப்பார்களாம். வேலை செய்பவருக்குப் புதினா இல்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. நடுத்தர வயதுக்குள் மூட்டும் தோலும் கெட்டுப்போனவர்களை என் தந்தையாரின் மண்டியிலேயே நான் கண்டிருக்கிறேன்.

நம் நாட்டில் இதே வேலையை ஆவாரம் பட்டை செய்தது. சேர்வராயன் மலையடிவாரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். பதனிட்ட தோலுக்கு நிறம் கொடுக்கக் கடுக்காய் பயன்பட்டது. புறா எச்சம் மட்டும் நான் இங்கே கேள்விப்பட்டதில்லை. அறிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

பதில் 4: வாய்க்கால்

வழக்கம் ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அச்சும்விழுதும் அவர்கள் தண்ணீரை விட்டுவிட்டார். தோல், சாயம், ஆலை, குளியலறை ஆகிய எல்லாமே நீரை நம்பியவை. நகருக்கு மேற்கே உள்ள ஸாயிஸ் சமவெளி ஊற்றுகளில் பிறக்கும் ஃபெஸ் ஆறு, மேட்டிலிருந்து சரிவாக நகருக்குள் இறங்குகிறது. அந்தச் சரிவைப் பயன்படுத்தி, ஆற்றைப் பல கால்களாகப் பிரித்துப் பள்ளிவாசல், மத்ரஸா, பொதுக் குழாயடி, வீடு என ஒவ்வொன்றுக்கும் பங்கு வைத்தார்கள். கழிவுநீருக்கு வேறு பாதை. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் தகராறு வந்தால் தீர்த்து வைக்கத் தனி வல்லுநர்கள் இருந்தார்கள். ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்த வேலையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

அடுத்தது வக்ஃபு, அந்த நாட்டில் ஹுபுஸ் என்பார்கள். ஒருவர் ஒரு கடையையோ குளியலறையையோ எழுதி வைத்தால், அதன் வாடகை காலமெல்லாம் ஒரு பள்ளிவாசலுக்கோ மாணவர் விடுதிக்கோ குழாயடிக்கோ போகும். கோயில் கட்டளை போன்ற ஏற்பாடு. கடை வக்ஃபுக்குச் சொந்தமானதால் அதை விற்க முடியாது; வாடகை ஏறித் தொழிலாளி வெளியேற வேண்டிய நெருக்கடியும் குறைவு. செம்பு தட்டும் ஸஃப்ஃபாரீன் சதுக்கம் கரவிய்யின் நூலகத்தின் வாசலிலேயே இருக்கிறது. தச்சர்களின் நஜ்ஜாரீன் சதுக்கம் சிறிது தூரத்தில். படிப்பும் சம்மட்டியும் ஒரே முற்றத்தில் இத்தனை நூற்றாண்டு நீடித்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய துணை என்பது என் உறுதியான எண்ணம். செவ்வாய்ப்பேட்டையில் வாடகை ஏறியதால் கொலுசுப் பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றிக்கொண்ட என் மைத்துனரை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

1912இல் பிரெஞ்சு ஆட்சி வந்தபோது, பிரெஞ்சு அரசின் தலைமை ஆளுநர் லியோத்தே பழைய நகரை இடிக்காமல் விட்டு, அதற்கு வெளியே புது நகரைக் கட்டச் செய்தார். கட்டடங்கள் தப்பின, ஆனால் வசதியுள்ள குடும்பங்கள் மெல்ல மெல்லப் புது நகருக்கும் காசாபிளாங்காவுக்கும் போய்விட, கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள் பெரிய வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பமாக நெருக்கிக் குடியிருந்தார்கள். 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பிறகுதான் சீரமைப்புக்கு வேகம் வந்தது. கரவிய்யின் நூலகத்தை அந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவூனி புதுப்பித்தார். 2016இல் பணி நிறைவுற்றது. அங்கே அவர் போராடியது ஈரத்தோடுதான். ஊரை வாழவைத்த அதே நீர், தரைக்கு அடியிலிருந்து சுவரேறிச் சுவடிகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பதில் 5: ஏட்டுச்சுவடி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உலகம் சுற்றிய இப்னு பத்தூத்தா தம் பயணங்களைச் சொல்லச் சொல்ல, மரீனிய மன்னர் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸய் எழுதி முடித்தது ஃபெஸ் நகரில்தான், ஆண்டு 1355. மதுரை சுல்தான் கியாசுத்தீன் கைதிகளைக் கழுவேற்றிய கொடுமையும், மதுரையில் பரவிய கொள்ளைநோயும் அந்த நூலில் பதிவாகியுள்ளன. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் அபூ இனானின் பெயர் தாங்கிய பூ இனானிய்யா மத்ரஸா அதே ஊரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆக, 14ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றிய முக்கியமான சாட்சியம் ஒன்று எழுத்தானது அந்த ஊரில்.

கேள்வியாளர் மறுமொழி: குகைத்தறி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வாடகை என்ற ஒன்று என் சிந்தனையிலேயே இருக்கவில்லை; எங்கள் தெருவில் தறி நின்ற வீடுகளை எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் கூலிக்கு நெய்த வாடகை வீடுகள்.

அச்சும்விழுதும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பரணில் என் பாட்டனார் காலத்து அடைக் கயிறுகள் ஒரு மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன. சில முடிச்சுகள் அவிழாமல் அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கிப் படம் எடுத்து இங்கே இடுகிறேன். நீங்கள் அங்கே கண்ட தறியில் கயிறுகள் பக்கவாட்டில் எந்த உயரத்தில் இறங்கின, இழுப்பவர் நின்றாரா, உட்கார்ந்தாரா என்பதை நினைவிலிருந்து எழுதுங்கள். பாட்டனார் தறியில் இழுப்பவர் மேலே பலகையில் உட்கார்ந்திருப்பார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.