கடைவீதித் திட்டங்களுக்கான சொற்கள்: இணைபயன், நடுவூர், தெருத்தளம்

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கடையும் வீடும் அலுவலகமும் ஒரே இடத்தில் அமையும்படி ஒரு சிறுநகரின் பழைய கடைவீதியை எடுத்துக் கட்டும் திட்டங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சென்ற வாரம் கோவை நண்பர் கேட்டிருந்தார். 'கலப்புப் பயன்பாட்டு நகர்மைய மறுமேம்பாடு' என்று ஒரு தொடரையும் அவரே தந்திருந்தார். அகராதிப்படி அதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனாலும் குன்னூரில் கட்டட வரைபடம் வரைந்து பிழைப்பவன் என்ற முறையில், அந்தத் தொடர் ஒரு கடைக்காரரின் காதில் எப்படி விழும் என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மலைமேல் உள்ள ஓர் ஊரில் வணிகர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். 'தரைத்தளம் வணிகம், மேல்தளங்கள் குடியிருப்பு, மொத்தத்தில் கலப்புப் பயன்பாடு' என்று அறிக்கையை வாசித்தார்கள். காய்கறி மண்டிக்காரர் ஒருவர் எழுந்து, "கலப்புன்னா எங்க கடையோட வேற யாரைக் கலக்கப் போறீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாள் கேட்ட கேள்விதான் இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது. "தரைத்தளம்னு எதைங்க சொல்றீங்க? என் கடை மேல் ரோட்டுல இருக்கு. என் வீடு கடைக்குக் கீழ இருக்கு." மேடையில் இருந்தவர்களிடம் பதில் இல்லை. அந்த அறிக்கையை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் அவருடைய வீடு கடையாகவும் கடை வீடாகவும் மாறியிருக்கும்.

சமவெளியில் இருப்பவர்களுக்காக அந்த அம்மாளுடைய கட்டடம் போன்ற ஒன்றை விவரிக்கிறேன். மேல் சாலையில் நின்று பார்த்தால் தகரக் கூரை போட்ட ஒற்றை மாடிக் கடை. உள்ளே பலகைத் தரை. கேரட் மூட்டையை இறக்கும்போது கீழே சமையலறையில் தட்டுகள் அதிரும். கடையின் பின்சுவரை ஒட்டி ஆள் ஒருவர் மட்டும் இறங்கக்கூடிய படிக்கட்டு. அதன் வழியே வீட்டுக்குள் இறங்கினால், வீட்டின் வாசல் கீழே உள்ள சந்துப் பக்கமாகத் திறக்கிறது. சந்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அதே கட்டடம் மூன்று அடுக்காகத் தெரியும். உதகையின் அப்பர் பஜாரிலும் குன்னூர் பஜாரை ஒட்டிய சரிவுகளிலும் இப்படிப்பட்ட கட்டடங்களை நிறையப் பார்க்கலாம். இவற்றைக் கட்டியவர்கள் எந்தத் திட்டக் கோட்பாட்டையும் படித்தவர்கள் அல்லர். சரிவு கொடுத்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாம் இன்று பெயர் தேடும் பொருள் இம்மலைகளில் முன்பே இருக்கிறது என்பதால், சொல்லும் இங்கிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் 'கலப்பு'. இச்சொல்லை மக்கள் கலப்படத்தோடும் கலப்பினத்தோடும் சேர்த்தே கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கலந்த பொருள்களைத் திரும்ப எளிதில் பிரிக்க முடியாது. மேலே சொன்ன கட்டடத்திலோ கடை கடையாகவும் வீடு வீடாகவும் தத்தம் வாசலோடு இருந்துகொண்டே ஒன்றையொன்று தாங்குகின்றன. கடை அடைத்த பிறகும் வீட்டில் விளக்கு எரிவதால் சந்து இருட்டில் கிடப்பதில்லை. வீட்டில் ஆள் இருப்பதால் கடைக்குத் தனியே காவல் வேண்டியதில்லை. ஆகவே 'இணைபயன்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். இது வினைத்தொகை: இணைந்த பயன், இணைகின்ற பயன், இணையும் பயன் என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'ஊறுகாய்' போல இதையும் ஒற்று இல்லாமல் எழுத வேண்டும். 'இணைப்பயன்' என்று எழுதினால் துணைப்பயன் என்பது போல வேறு பொருள் தொனிக்கும். பல்நோக்குக் கூடம் என்பதில் உள்ள 'பல்நோக்கு' இதற்குப் பொருந்தாது. ஒரே கூடத்தில் காலையில் மருத்துவ முகாமும் மாலையில் திருமணமும் நடந்தால் அது பல்நோக்கு. இரண்டு வாழ்க்கை ஒரே வேளையில் ஒரே சுவருக்குள் நடந்தால்தான் இணைபயன்.

தனிக் கட்டடத்துக்குச் சிங்கப்பூர்த் தமிழர்கள் 'கடைவீடு' என்ற அழகான சொல்லை வழங்குகிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அமெரிக்கர் 'டவுன்டவுன்' என்பது. 'நகர்மையம்' என்ற சொல்லைக் கேட்டால் வரைபடத்தில் வட்டம் போட்டு நடுப்புள்ளி வைத்தது போன்ற எண்ணம்தான் வருகிறது. உதகையின் நடுவில் ஏரியும் பழைய குதிரைப் பந்தயத் திடலும் கிடக்கின்றன. மக்கள் கூடுவதோ மார்க்கெட்டிலும் கமர்ஷியல் சாலையிலும். பேச்சில் நாங்கள் 'பஜார்' என்கிறோம், ஆனால் திட்டத்துக்குள் குடியிருப்பும் அலுவலகமும் வரும்போது அந்தச் சொல் போதவில்லை. குறளில் 'நடுவூருள்' என்ற சொல்லாட்சி இருக்கிறது (1008). எல்லாரும் வந்து போகும், எல்லார் கண்ணிலும் படும் இடம் என்பதே அங்குப் பொருள்; நில அளவையின் நடுப்புள்ளி அன்று. எனவே 'நடுவூர் மறுமேம்பாடு' என்கிறேன். 'மறுமேம்பாடு' இருக்கட்டும். இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவதற்கு 'மறுகட்டுமானம்' என்ற சொல் வழக்கில் இருப்பதால் இரண்டும் குழம்ப வாய்ப்பில்லை.

இனி நிதிச் சொற்கள். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை, ஏனென்றால் இவை தவறினால் மக்களின் பணத்தைப் பற்றிய தவறான செய்தி பரவும்.

அமெரிக்கச் சிறுநகரங்களில் நடுவூர்த் திட்டங்களுக்குப் பணம் திரட்டும் முறைகளுள் முதன்மையானது 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஒரு பகுதியை வரையறுத்து, அன்றைய சொத்து மதிப்புக்குரிய வரியை அடிக்கணக்காக நிறுத்தி வைப்பார்கள். சாலை, வடிகால், வண்டி நிறுத்தம் ஆகியவற்றைக் கடன் வாங்கிக் கட்டுவார்கள். அதனால் சொத்து மதிப்பு ஏறி, வரி வருவாய் கூடும்போது, அடிக்கணக்குக்கு மேற்பட்ட தொகை மட்டும் பொதுக் கருவூலத்துக்குப் போகாமல் அந்தப் பகுதியின் கடனை அடைக்கப் போகும். ஒரு கணக்குக்காகச் சொன்னால், பகுதியின் வரி ஆண்டுக்கு 40 லட்சமாக இருந்து பத்தாண்டில் 65 லட்சமானால், இடைப்பட்ட 25 லட்சம்தான் திட்டத்துக்குரியது. இதைக் கோவை நண்பர் 'வரியேற்ற நிதி' என்று மொழிபெயர்த்திருக்கிறார். படிப்பவர் யாராக இருந்தாலும் வரியை ஏற்றப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். இம்முறை வரி விகிதத்தை ஏற்றுவதில்லை. ஏறுவது சொத்தின் மதிப்பு. 'மதிப்புக் கூட்டு' என்று தொடங்கலாம் என்றால் அதை விற்பனை வரி முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. 'ஏறுமதிப்பு' என்றால் ஏற்றுமதி என்று படிக்கிறார்கள். என் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். ஆகவே 'வளர்மதிப்பு வரிநிதி' என்பது என் முன்மொழிவு.

இச்சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது ஒரு வரம்பையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சொத்துவரி ஆண்டு வாடகை மதிப்பின் அடிப்படையில் அமைவது. சென்னைக்கு வெளியே 2008க்குப் பிறகு 2022இல்தான் பொதுச் சீராய்வு நடந்தது. பதினான்கு ஆண்டு நகராமல் இருந்துவிட்டு ஒரே நாளில் தாவும் வரியில், திட்டத்தால் வளர்ந்தது எது, அரசாணையால் உயர்ந்தது எது என்று பிரிக்காவிட்டால் அந்த நிதி பொய்க்கணக்காகிவிடும். அரசாணையால் உயர்ந்த பங்கு வளர்மதிப்பில் சேராது என்று விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். மேலும், நம் ஊர்களில் மார்க்கெட் கடைகள் நகராட்சிக்கே சொந்தம். அங்கிருந்து வரும் பெரிய வருவாய் வாடகையே அன்றி வரியன்று. கட்டிய பின் வாடகையை உயர்த்தித்தான் கடனை அடைக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு 'வளர்மதிப்பு' என்ற பெயரைப் போர்த்தக் கூடாது. 'வாடகை ஈட்டுக் கடன்' என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொல்லின் மறைவில் சுமை ஏறினால், அதைச் சுமக்கிறவர் அந்த மண்டிக்காரர்.

சிறு நகராட்சிகள் பல சேர்ந்து பொதுவில் கடன் திரட்டுவதற்குத் 'தொகுநிதி' போதும். திட்டத்தின் வருவாய் செலவுக்கு ஈடாகாதபோது அரசு தரும் தொகையை 'நம்பகத்தன்மை இடைவெளி நிதி' என்று செய்திக் குறிப்புகளில் பார்க்கிறேன். இங்கே நம்பிக்கைக்கு என்ன வேலை? "அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது" என்று கடைவீதியில் நாளெல்லாம் சொல்கிறார்களே, அதுதான் கருத்து. 'கட்டுப்படிக்குறை நிதி' என்றால் மண்டிக்காரருக்கும் புரியும், கணக்குத் தணிக்கையாளருக்கும் புரியும்.

கடைசியாகத் தரைத்தளம். அந்த அம்மாளுடைய கேள்விக்கு விடையாகத் 'தெருத்தளம்' என்ற சொல்லை எண்ணி வைத்திருக்கிறேன். தெருவோடு சமமாக இருக்கும் தளம் எதுவோ அது தெருத்தளம். இரண்டு தெருவைத் தொட்டால் மேல்தெருத்தளம், கீழ்த்தெருத்தளம். மலைப்பகுதியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், எந்தத் தளத்தை எப்படி எண்ணுகிறோம் என்பது எங்களுக்கு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குறைகளைச் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

குன்னூரிலிருந்து, அன்புடன்.

*

குன்னூர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலில் முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வருகிறேன். இணைபயன் நல்ல சொல். ஆனால் நில உபயோக விதிகளில் 'கலப்பு குடியிருப்பு' என்ற வகை ஏற்கெனவே இருக்கிறது. மனை வாங்குபவர் என்னிடம் வந்து, வரைபடத்தில் ஒன்றும் திட்ட அறிக்கையில் வேறொன்றுமாக இருக்கிறதே, எது செல்லும் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நடுவூரைப் பற்றியும் தயக்கம் உண்டு. எங்கள் ஊரில் காய்கறிக்கு மூஞ்சிக்கல், மற்றவற்றுக்கு ஏழு ரோடு, அண்ணா சாலை என்று மக்கள் பிரிந்து போகிறார்கள். ஒரே நடுவூர் எங்களுக்கு இல்லை.

தெருத்தளத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. நீங்கள் சொன்ன அம்மாளுடைய வீடு திறப்பது சந்தில்; எங்கள் ஊரில் பாதி வீடுகள் திறப்பது வெறும் படிக்கட்டில். அதைத் தெரு என்று எந்தப் பதிவேடும் ஒப்புக்கொள்ளாது. பத்திரத்தில் நாங்கள் சொத்தை அடையாளம் காட்டும்போது அது எந்தப் பாதைக்கு வாசல் வைத்திருக்கிறது என்று எழுதுகிறோம். பாதை மாறலாம், பெயர் மாறலாம், வாசல் மாறாது. அதனால் 'வாசல்தளம்' என்று வைத்தால் என்ன?

*

அம்மையாருக்கு வணக்கம்.

மூன்றில் இரண்டை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். சட்டப்படியான மண்டலப் பெயராகக் 'கலப்பு குடியிருப்பு' அப்படியே நிற்க வேண்டும். அதைத் தொடும் உரிமை அகராதிக்காரருக்கு இல்லை. இணைபயன் என்பதைக் கட்டடத்துக்கும் திட்டத்துக்கும் மட்டும் வழங்குவோம், சொல் விளக்கத்தில் அந்த வேறுபாட்டையும் குறிப்போம். நடுவூரை மட்டும் விட மனமில்லை. ஓர் ஊருக்கு இரண்டு சந்தை இருப்பது போல இரண்டு நடுவூர் இருப்பதில் தவறில்லை, மூஞ்சிக்கல் நடுவூர், ஏழு ரோடு நடுவூர் என்றே எழுதலாம் என்று கருதுகிறேன். மற்றவர்கள் சொல்லட்டும்.

தெருத்தளத்தைத் திரும்பப் பெறுகிறேன். நான் சாலையிலிருந்து கட்டடத்தைப் பார்த்தேன். நீங்கள் கட்டடத்திலிருந்து வெளியே வருகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள். புணர்ச்சி விதிப்படி 'வாசற்றளம்' ஆக வேண்டும் என்று இலக்கண அன்பர்கள் எழுதக்கூடும். அப்படி எழுதினால் யாரும் தடையின்றிப் படிக்க மாட்டார்கள். 'வாசல்தளம்' என்று பிரித்தே வைப்போம்.

அன்றைய கூட்டத்தில் வாசித்த வரியை இச்சொற்களால் மீண்டும் எழுதிப் பார்த்தேன்: 'மேல்வாசல் தளம் கடைக்கும் கீழ்வாசல் தளம் குடியிருப்புக்கும் உரிய இணைபயன் கட்டடம்.' அந்த அம்மாள் அடுத்த மாதம் கூரையை மாற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய வரைபடத்தின் தலைப்பில் இதையே எழுதித் தருகிறேன்.