வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வீட்டுக்கு அவரும் வருவார். அக்காகிட்ட சொல்லிடலாமா?

கேள்வி: பின்கட்டு
வயசு 33. சொந்த ஊர் குடியாத்தம், வேலை பெங்களூருல. சிரசு அன்னைக்கு எங்க வீட்டுல நாப்பது பேருக்கு இலை விழும். அம்மாவுக்குத் தம்பி முறை ஆகுற ஒருத்தரும் வருவார். எனக்கு 8 வயசு இருக்கும்போது ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் (2000, 2001) அவர் என்கிட்ட தப்பா நடந்துகிட்டார். தறி ஓடுற பின்கட்டுல. அந்தச் சத்தத்துல வெளிய எதுவும் கேக்காது.

15 வயசுல அம்மாகிட்ட சொன்னேன். "வெளிய சொல்லாத"ன்னாங்க. சாயங்காலம் புது சுடிதார் துணி எடுத்துக் குடுத்தாங்க. அதை நான் தைக்கவே குடுக்கல.

இப்போ அக்கா பொண்ணுக்கு 8 வயசு. போன வருஷம் அவளை ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னார். எனக்குத் தலைவலி, அவ என்கூட இருக்கட்டும்னு பொய் சொல்லி நிறுத்தினேன். இந்த வருஷம் எல்லார் முன்னாடியும் கேட்டுடட்டுமா? கேஸ் போட முடியுமா?

ஆம்பூர் அக்கா
கூட்டத்துல கேக்காதம்மா. நான் என் தம்பி கல்யாணத்துல கேட்டேன். அந்தாளு அழுதான், எங்கம்மா மயக்கம் போட்டுச்சு, கடைசில எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க. புள்ளையக் காப்பாத்தறது வேற, உன் கதைய ஊருக்குச் சொல்றது வேற. மொதல்ல உன் அக்காவுக்கு இன்னிக்கே போன் போடு. மத்தது உனக்கு எப்போ தோணுதோ அப்போ.

நான் ஷூ கம்பெனில தையல் செக்‌ஷன். 41 வயசுலதான் பக்கத்து மெஷின்காரிகிட்ட வாய தொறந்தேன். அவதான் வேலூர் பாகாயத்துல இருக்கற மனநல ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னா. எங்க பக்கம் பாகாயம்னாலே பைத்தியம்னு அர்த்தம். பஸ்ல பாகாயம்னு கேக்க வெக்கப்பட்டு தொரப்பாடிக்கு டிக்கெட் வாங்கி மீதிய நடந்தேன். தொரப்பாடின்னா ஜெயிலுக்கு யாரையோ பாக்கப் போறான்னு நெனப்பாங்க, அது பரவால்லன்னு இருந்துச்சு! பத்து, பன்னெண்டு தடவ போயிருப்பேன். அப்புறம்தான் லைட்ட அணைச்சிட்டுத் தூங்க முடிஞ்சுது.

இப்போ மகளிர் குழுவுல பேசறேன். ஸ்கூல்ல குட் டச், பேட் டச் சொல்லித் தராங்க, நல்லதுதான். நான் அம்மாங்களத்தான் புடிச்சுக்கினு ஒத்திகை பாக்கறது: "புள்ள வந்து சொல்லுது, மொத வார்த்தை இன்னா சொல்லுவ?" பாதி பேரு "நீ ஏன் அங்க போன?"ன்னு ஆரம்பிக்கறாங்க. அங்கியே நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லுவேன்.

சத்துவாச்சாரி வக்கீல்
குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14லதான் அமலுக்கு வந்துச்சு. உங்களுக்கு நடந்ததுக்குப் பழைய இ.பி.கோ.தான். 3 வருஷத்துக்கு மேல தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது, வன்புணர்வு அதுல வரும். மானபங்கத்துக்கான 354வது பிரிவு மட்டும்னா அப்போ அதிகபட்ச தண்டனை 2 வருஷம்தான், 3 வருஷத்துக்குள்ள வழக்கு எடுத்திருக்கணும். அதனால எந்தப் பிரிவுங்கறது முக்கியம். பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100க்குப் பேசுங்க.

குழந்தை விஷயத்துல சந்தேகம் வந்தா குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தையோட வாக்குமூலத்தை வீட்டுலயே வாங்கலாம், வர்ற போலீஸ் யூனிஃபார்ம் போடக் கூடாது.

நடுநிலை
25 வருஷம் ஆச்சு, அவருக்கும் வயசாயிருக்கும். குடும்பம் உடையணுமா?

ஆம்பூர் அக்கா
அவன் வயச மட்டும் கணக்கு போடறியே தம்பி. பொண்ணுக்கு 8 வயசுன்னு மேல எழுதிகீது பாரு.

பின்கட்டு
நேத்து ராத்திரி அக்காகிட்ட பேசினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம், "ஒரு தடவ டீ எடுத்துட்டு வந்தேன்டி, பின்கட்டு தாப்பா போட்டிருந்துச்சு. டீய வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டேன்"னா. அப்போ அவளுக்கு 12 வயசு.

சிரசுக்கு அவ ஊருக்குப் போகல. பொண்ணைக் கூட்டிட்டு என் ரூமுக்கு வர்றா. அம்மாவுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியல. 15100க்குத் திங்கட்கிழமை பேசப்போறேன்.