தனுஷ்கோடி போறோம், டென்ஷன் இல்லாம நல்லா போட்டோ எடுக்க வழி சொல்லுங்க

ஊர்சுத்தி_வேலு:
வணக்கம் மக்களே, அடுத்த மாசம் அப்பா அம்மா, ரெண்டு பசங்களோட ராமேஸ்வரம், தனுஷ்கோடி போறோம். கேமரா கிடையாது, போன் மட்டும்தான். போன தடவ ஊட்டில நானூறு போட்டோவுக்கு மேல எடுத்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரி, வரிசையா நிக்க வச்சு சிரிக்க சொன்னது. அப்பா எல்லாத்துலயும் வெறப்பா நிக்கிறாரு, பசங்க மூஞ்சில எரிச்சல் தெரியுது. இந்த தடவ அவங்கள படுத்தாம நாலு நல்ல படம் எடுத்தா போதும். என்ன பண்ணலாம்?

உப்புக்காத்து:
முதல்ல வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. மதியம் அந்த வெள்ளை மணல் பளிச்சுனு அடிக்கும், போன் அத பாத்துட்டு ஆளுங்கள கறுப்பாக்கிடும், அப்படி ஆச்சுன்னா மூஞ்சிய தொட்டு, பக்கத்துல வர்ற சூரியன் குறிய கொஞ்சம் மேல இழுங்க. இடிஞ்ச சர்ச் சுவத்துல பவளப்பாறை கல்லு இருக்கும், காலை வெயில் சாய்வா விழுறப்ப கிட்ட போய் பாருங்க, ஒவ்வொரு கல்லுலயும் சின்ன சின்ன குழி, ஒவ்வொரு குழிக்குள்ளயும் ஒரு துளி நிழல். முழு சர்ச்சையும் எல்லாரும் எடுக்கிறாங்க, நீங்க அந்த ஒரு கல்ல எடுங்க. அப்புறம் முக்கியமா, தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனைல காத்துல வர்ற உப்பு லென்ஸ்ல படியும், படம் எல்லாம் புகை மூட்டமா வரும், பழைய காட்டன் வேட்டி துணி ஒண்ணு பாக்கெட்ல வச்சுக்கோங்க.

மதுரக்காரி:
எங்க அப்பாவும் போட்டோன்னா வெறைச்சுக்குவாரு. அங்க போனப்ப படமே எடுக்காம, 64 புயல் அப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான், டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் அடிச்சுட்டு போனத, ஊர்ல பெரியவங்க பேசிக்கிட்டத எல்லாம் சொல்லிக்கிட்டே ரயில் வந்த பக்கமா கைய நீட்டினாரு. நரம்பு ஓடின அந்த கை, பின்னாடி இடிஞ்ச சுவரு, அத மட்டும் எடுத்தேன். அந்த ட்ரிப்ல எனக்கு அது ஒண்ணு போதும். பேச விட்டு எடுங்க அண்ணா, நிக்க வச்சு எடுக்காதீங்க.

பசங்க கைல பத்து நிமிஷம் போன குடுங்க. அவங்க உயரத்துல இருந்து பாத்தா நண்டு வளை, பாட்டி சேலை ஓரம்னு நமக்கு தோணாததெல்லாம் வரும்.

பாம்பன்_பயணி:
கோயிலுக்குள்ள போன் விட மாட்டாங்க, ரூம்லயே வச்சிட்டு போங்க, மூணாம் பிரகாரத்த கண்ணால நின்னு பாக்க வேண்டியதுதான், அவ்வளவு அழகு. பாம்பன்ல ரயில் பாலத்த எடுக்கணும்னா ரோட்டு பாலம்தான் சரியான இடம், 2025ல திறந்த புது தூக்குப் பாலம் அங்க இருந்து நல்லா தெரியும். ரயில் வர்ற நேரத்த முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க. வலை இழுக்கிற அண்ணங்கள எடுக்கிறதுன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, அவங்க வேலை பாக்குற இடம் அது.

ஊர்சுத்தி_வேலு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மதுரக்காரி தங்கச்சி சொன்னத படிச்சிட்டு நேத்து ராத்திரி அப்பாகிட்ட புயல பத்தி சும்மா கேட்டேன், சாப்பாடு ஆறுறது கூட தெரியாம முக்கா மணி நேரம் பேசினாரு. விடிகாலைல கிளம்ப ஆட்டோவுக்கு இப்பவே சொல்லி வைக்கிறேன்.