தளிர் மஞ்சளாகிறது: இன்னும் யூரியா போடலாமா?

கேள்வி (கோவில்பட்டி):
வீட்டுக்குப் பின்னால் கரிசல் மண்ணில் தக்காளியும் கத்தரியும் வைத்திருக்கிறேன். நிறம் பார்த்துச் சொல்லும் மண் பரிசோதனை கிட்டில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) நடுத்தரம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம், பி.எச் (மண்ணின் அமில-கார அளவு) 8.5 என்று வந்தது. யூரியா போட்டும் மஞ்சள் போகவில்லை. இன்னும் போடலாமா?

பதில் 1:
பொறுங்கள். மஞ்சள் அடி இலையிலா, நுனித் தளிரிலா? நரம்பு என்ன நிறம்? சாம்பல் போடுவதுண்டா?

கேட்டவர்:
தளிரில்தான். நரம்பு மட்டும் பச்சை. அடி இலை நன்றாக இருக்கிறது. அடுப்புச் சாம்பல் அவ்வப்போது போடுவேன்.

பதில் 1:
அப்படியென்றால் இரும்புச்சத்துப் பிரச்சினை மாதிரிதான் தெரிகிறது. தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்குக் கொடுத்துவிடும்; அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. மண்ணில் இரும்பு இருந்தாலும் பி.எச் 8.5 உள்ள கார மண்ணில் வேரால் அதை எளிதில் எடுக்க முடியாது. காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சாம்பலை உடனே நிறுத்துங்கள், அது பி.எச்சை இன்னும் ஏற்றும்.

லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். முதலில் இரண்டு மூன்று இலையில் மட்டும். அன்றன்று கலக்க வேண்டும், பழுப்பேறிய கரைசல் வீண். யூரியா வேண்டாம். இலைதான் தழைக்கும், பூ பிடிக்காது.

பதில் 2:
அந்தக் கிட்டின் தழைச்சத்து அளவை ரொம்ப நம்பாதீர்கள். பெரும்பாலான கிட்கள் தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டைத்தான் பார்க்கின்றன. அது தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். நன்றாகத் தண்ணீர் விட்ட மறுநாள் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அங்கே ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே வந்தால்தான் தழைச்சத்து குறைவு என்பார்கள். இரும்பு, துத்தநாகமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்டவர்:
மண்ணை எப்படி எடுப்பது?

பதில் 2:
மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, அதன் ஓரத்தைச் சீவி எடுங்கள். ஏழெட்டு இடத்து மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ போதும். எருக்குழி ஓரமும் யூரியா போட்ட இடமும் வேண்டாம். உரச்சாக்கில் மட்டும் கட்டிவிடாதீர்கள், துணிப்பைதான் சரி.