குழாயைத் திறக்காமலே ஓடிய பம்பு

உருளும் கூரை:
நான் குடியிருக்கும் வீட்டு வண்டியில் இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ராத்திரி தூக்கம் கலைந்தால் காது முதலில் அந்தச் சத்தத்தைத்தான் தேடுகிறது. உங்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். குழாய் எதுவும் திறந்திருக்காது, தண்ணீர் பம்பு மட்டும் இரண்டு நொடி "டுர்ர்" என்று ஓடி நிற்கும். இருபது நிமிடம் கழித்து மறுபடி. கேட்டேன், புரண்டு படுத்தேன். வண்டியிலேயே குடியிருந்தால் பழுதுப் பட்டியல் ஒருநாளும் தீராது இல்லையா? அப்போது படிக்கட்டு மோட்டார், பின்பக்க பிரேக் லைட் எல்லாம் முன்னால் நின்றன. பம்பு பதினோராவது. ஆறு வாரம் அப்படியே விட்டேன்.

ஒரு விடிகாலை தண்ணீர் குடிக்க எழுந்து வெறுங்காலோடு நடந்தேன். வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் கால் வைத்ததும் தரை உள்வாங்கியது. உடையவில்லை, சத்தமும் இல்லை. காலை எடுத்ததும் வினைல் விரிப்பு மெதுவாக மேலே எழும்பி வந்தது. கொஞ்ச நேரம் ஒற்றைக் காலிலேயே நின்றேன், அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

ஹீட்டருக்குப் பின்னால் ஓர் இணைப்பில் வாஷர் தேய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது, பம்பு தானாக ஓடியதும் அதனால்தான். வாஷரை மாற்ற ஐந்து நிமிடம். ஊறிப்போன பிளைவுட்டை அறுத்துப் புதிதாகப் போட நான்கு நாள். அந்த நான்கு ராத்திரியும் ஓட்டையைத் தாண்டித்தான் படுக்கைக்குப் போனேன்.

ஸ்பேனர் 12:
இதைப் படித்துவிட்டுப் புதியவர்கள் தரையைப் பெயர்க்கப் போகிறார்கள். எனக்கும் இதே சத்தம்தான். மூன்று நாள் டார்ச்சோடு தவழ்ந்தேன், ஒரு பொட்டு ஈரமில்லை. கடைசியில் பார்த்தால் பம்புக்குள் இருக்கும் செக் வால்வு, தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடுவது. அது சரியாக மூடாவிட்டால் தண்ணீர் டேங்க் பக்கமே திரும்பும், குழாயில் அழுத்தம் குறையும், பிரஷர் சுவிட்ச் பம்பைக் கிளப்பிவிடும். பம்புக்கு அடுத்து ஒரு வால்வு வைத்து மூடிப் பாருங்கள். அப்போதும் ஓடினால் கோளாறு பம்பில்தான். ஓடாவிட்டால் அப்புறம் தவழலாம்.

உருளும் கூரை:
சரி. ஆனால் என் தரையை ஊறவைத்தது செக் வால்வு இல்லையே.

மாடியேறி:
என் கதை சின்னது. கூரையில் காற்றுப் போகும் வென்ட் ஓரத்தில் ஒழுகியது, அவசரத்துக்குக் கையிலிருந்த சிலிக்கான் பசையைப் பூசினேன், அடுத்த மழையில் தலையணை நனைந்தது. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிலிக்கான் பூசின இடத்தில் வேறு சீலன்ட் (ஒழுகலை அடைக்கும் பசை) ஒட்டாது, முழுக்கச் சுரண்டியே ஆகவேண்டும். ரப்பர் கூரையாக இருந்தால் பிளாஸ்டிக் தகட்டால் மட்டும் சுரண்டுங்கள். பெட்ரோல் போட்டுத் துடைத்தால் ரப்பர் உப்பிவிடும். தட்டையான கூரைக்குத் தானாகப் பரவும் லேப் சீலன்ட் போடுங்கள். அதையே பக்கச்சுவரில் போட்டால் வழிந்து இறங்கும், சுவருக்கு வழியாத வகை தனியாக இருக்கிறது. வென்ட்டையே கழற்றினால் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) புதிதாக வைத்துத் திருகுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது மேலே ஏறிப் பாருங்கள். இறங்கினதும் டயர் பக்கச்சுவரில் செய்த தேதியைச் சொல்லும் நாலு இலக்கத்தையும் பாருங்கள். 3419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம் செய்தது. நம் வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். இந்தப் பக்கம் தேதி இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும், வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும்.

ஆறு சக்கரம்:
பம்பு, கூரை எல்லாம் சரி. வண்டியையே விட்டுவிட்டு வரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? முன்சக்கர பேரிங் போய், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். பாகம் வர இரண்டு நாள், உள்ளே படுக்க அனுமதி இல்லை. மாற்றுத் துணி ஒரு பையில். சாயங்காலம் ஷெட்டைப் பூட்டிய பிறகும் போக மனசில்லாமல் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே இருட்டில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் என் ஜன்னல் திரை மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. விளக்கை அணைக்க மறந்திருக்கிறேன். யாரோ வீட்டில் இருக்கிற மாதிரியே இருந்தது.

மறுநாள் பேட்டரி வற்றியிருந்தது. அதையும் பட்டியலில் சேர்த்தேன்.

ஸ்பேனர் 12:
ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு ஒரு ராத்திரியில் நல்ல பேட்டரியை வற்ற வைக்காது. வேறெதுவோ கரண்ட் இழுக்கிறது, பாருங்கள்.